சொல்லிக்கொள்ளாமல்

செண்பகம் டீச்சர் இன்னும் அரைமணி நேரம் உக்காந்திருப்பா. அதுக்குள்ள நான் ஒரு முடிவு பண்ணணும். பண்ணணும்னு என்ன, முடிவை அவ வாயிலதான் கட்டி விட்டிருக்கேனே. எந்திரிச்சுப் போகும்போது அவ "வாரேன்"னு ஒரு வார்த்தை சொன்னா நான் இந்த வீட்டுலயே இருப்பேன். சொல்லலைன்னா தம்பி நெல்லையப்பனுக்குப் போன் போட்டு, சரிய்யா, வண்டியக் கொண்டா, உன்கூட கோயம்புத்தூர் வந்திருதேன்னு சொல்லிருவேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுன்னுதான் அவன் கேட்டிருக்கான். வீட்டு ஓனருக்குச் சொல்லணுமாம், லாரிக்குச் சொல்லணுமாம். வாழ்நாள் பூரா பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்த பொம்பள செய்ற காரியமா இது, வடிவு? கோயில்ல பூ போட்டுப் பாக்கிற மாதிரி. ஒருத்தர்ட்ட சொன்னா சிரிப்பாங்க. சொல்லிச் சிரிக்கவும் ஆளில்ல, அதுதான் விஷயமே. சிரிக்கிறவ இருந்தா பூ போட்டுப் பாக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவ உக்காருற நாற்காலியிலதான் இப்ப செண்பகம் உக்காந்திருக்கா, கைப்பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பஸ்ல உக்காந்த மாதிரி. அது அக்கா நாற்காலின்னு அவளுக்குத் தெரியாது. பின்னால பிரம்பு ஒரு இடத்துல விட்டிருக்கும், சாஞ்சா முதுகுல குத்தும். அக்காவுக்கு அந்த இடம் தெரியும், ஒருச்சாய்ச்சு உக்காருவா. செண்பகம் சாயமாட்டேங்கா. சாஞ்சிரக் கூடாதேன்னு எனக்குப் பதறுது.

"தூக்கம் வருதா டீச்சர்?" "வருது டீச்சர்." "நேரத்துக்குச் சாப்பிடுதீங்களா?" "சாப்பிடுதேன்." பொய்தான், ரெண்டும் பொய். ஆனா வாரவங்க எல்லாரும் இந்த ரெண்டைத்தான் கேக்காங்க, நானும் இந்த ரெண்டு பதிலைத்தான் வச்சிருக்கேன், வருகைப் பதிவேட்டுல உள்ளேன் அம்மா சொல்லுத மாதிரி. மக பிரசவத்துக்கு ஓசூர் போயிருந்தாளாம், பச்சப் பிள்ளை இருக்க வீட்டுல இருந்து துக்க வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொன்னாங்களாம், அதான் லேட்டாம். சொல்லும்போது செண்பகம் முகத்துல பேரப்பிள்ளை சிரிக்குது, அதை அடக்கி அடக்கி வச்சிக்கிடுதா. பாவம். சிரிச்சாத்தான் என்ன. அவ அப்படித்தான், எல்லாத்துக்கும் சாஸ்திரம் பாக்கிறவ. கணக்கு டீச்சர், ஆனா பரீட்சை பேப்பர் கட்டைக்கூட ராகுகாலத்துல பிரிக்கமாட்டா. ஸ்டாஃப் ரூம்ல அதைச் சொல்லிச் சொல்லி நாங்க அவளைக் கேலி பண்ணுவோம். அவளா இந்த வீட்டுல இருந்து எந்திரிச்சு "வாரேன்"னு சொல்லப் போறா? சத்தியமா சொல்லமாட்டா. தெரிஞ்சுதான் அவ மேல கட்டியிருக்கேன். அப்ப நான் தோக்கணும்னுதான் பந்தயம் வச்சிருக்கேனோ? யாராவது கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகட்டும்னு இருக்கோ? தெரியல. பயமா இருக்கு, அதுமட்டும் தெரியுது.

சாவு வீட்டுக்கு வாரவங்கள "வாங்க"ன்னு கூப்பிடக் கூடாது. போறவங்க "போயிட்டு வாரேன்"னு சொல்லக் கூடாது. வாரேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வாரேன்னு ஆயிருமாம். சின்ன வயசுல இருந்து நானும் அப்படித்தான் எத்தனையோ வீட்டுல சொல்லாம எந்திரிச்சு வந்திருக்கேன், பைய செருப்பை மாட்டிக்கிட்டு, திரும்பிப் பாக்காம. அப்ப நான் போறவ. உள்ள உக்காந்து பாக்கும்போதுதான் தெரியுது அது எப்படி இருக்கும்னு. பேசிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு பேச்சு நிக்கும், புடவை சரசரங்கும், நாற்காலி காலியாயிரும். கேட் சத்தம் கேக்கும். அவ்வளவுதான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர், இப்படி வீடு நிறைய ஆளு சொல்லாம போய்ட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சா சரியாயிரும்னு நினைச்சேன். எங்க. தம்பி பொண்டாட்டிகூட ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல நின்னு என்னையப் பாத்தா, வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டு இறங்கிட்டா. இந்த வீட்டுல இப்ப யாருக்கும் வரவேற்பும் இல்ல, வழியனுப்பும் இல்ல. வாங்கங்கிற வார்த்தை என் வாயில இருந்து வந்தே ரொம்ப நாளாச்சு. கீரைக்காரி வந்தாக்கூட வாசல்ல நின்னு முழிக்கேன், கூப்பிடலாமா கூடாதான்னு.

இதெல்லாம் அக்காவுக்கு ஆகவே ஆகாது. கோமதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. காதுல மாட்டுறதை மாட்டிக்கிட்டு ஊரையெல்லாம் ஒட்ட வச்சு ஒட்ட வச்சு ரிட்டயர் ஆனா. பேசி முடிச்சவங்க சொல்லாம டக்குனு வச்சா அவளுக்குப் பத்திக்கிட்டு வரும். வச்சிரட்டுமான்னு கேக்காம போனை வைக்கவன் மனுஷனாட்டி, அந்தப் பக்கம் ஒருத்தி ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு நிக்கா, இவன் பாட்டுக்கு அத்துவிட்டுட்டுப் போறான்னு கத்துவா. வீட்டுலயும் அதே சட்டம். நெல்லையப்பன் காலேஜ்ல இருந்து போன் பண்ணும்போது வச்சிரட்டாக்கான்னு கேக்கலைன்னா திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவா. வாசலுக்கு எதுத்தாப்ல கடுகு வாங்கப் போனாலும் வாரேன்டி, கதவைச் சாத்து, வாரேன் என்னன்னு படி இறங்குத வரைக்கும் சொல்லிக்கிட்டே போவா. நான் வெளிய கிளம்பினாலும் அக்கா வாரேன்னு சொல்லணும், உள்ள இருந்து அவ ம், குடை எடுத்தியாட்டின்னு கேக்கணும். வெயில் காலம் மழைக் காலம் கிடையாது, குடைதான். கல்யாணம் ஆகாத ரெண்டு பொம்பளைங்க ஒரு மாடி வீட்டுல இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுன்னா அது இதுதான், வாரேன்னு ஒருத்தி, குடை எடுத்தியான்னு ஒருத்தி. அப்பேர்ப்பட்டவதான் சொல்லாம போயிட்டா. மூணு நாளா ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். குளிச்சுட்டு மாத்துத்துணி எடுத்துட்டு வந்திருதேன்னு நெத்தியத் தொட்டு அக்கா, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். மூக்குல குழாய், பேச முடியாது, கண்ணை மூடித் திறந்தா. சொன்னபடி வந்தேன். கஞ்சிகூட போட்டு எடுத்துட்டு வந்தேன். நான் சொல்லிட்டுப் போய் திரும்பி வந்துட்டேன். அவ சொல்லாம போனா, வரல. இதுல யாரு மேல கோவப்படணும்னு எனக்குத் தெரியல, ஆனா கோவமா வருது.

"ஹெச்.எம். குரூப்புல போட்டிருந்தாங்கள்லா, பாத்தீங்களா டீச்சர்?" பாத்தேன். இங்கிலீஷ்ல இரங்கல். உங்க அக்காவை இழந்து நீங்க பிரெஃப்டா இருப்பீங்கன்னு எழுதியிருந்தாங்க. பாருங்க புத்தியை, படிச்சதும் முதல்ல எழுத்துப் பிழை இருக்கான்னுதான் பாத்தேன். இல்ல. பிறகுதான் என்னையத்தான் சொல்லியிருக்காங்கன்னு உறைச்சது. பிரெஃப்ட். வருஷா வருஷம் பத்தாம் கிளாஸுக்கு அந்த வார்த்தையை எழுதிப் போட்டிருக்கேன், கோடிட்ட இடத்தை நிரப்புக. இழந்து தவிக்கிற, ஆதரவில்லாத, துயருற்ற, எது வேணா எழுதுங்க பிள்ளைகளா, மார்க் உண்டு. அந்த வார்த்தைக்கு அப்பன் ஆத்தா யாருன்னு ஒருநாளும் பாத்ததில்ல. பாத்தேன், போன வாரம், மேல் தட்டுல இருந்து தடி அகராதியை இறக்கி. பழைய இங்கிலீஷ்ல அது கொள்ளையடிக்கிறது. அவ்வளவுதான், அழுகையும் கிடையாது துக்கமும் கிடையாது. ஆளுங்க கூட்டமா வந்து வீடு புகுந்து ஆடு மாடு பாத்திரம் பண்டம்னு வாரிட்டுப் போவான்லா, அதுக்கு உள்ள வார்த்தை. வாரிக் குடுத்துட்டு வெறும் வீட்டுல நிக்கான் பாரு, அவன்தான் பிரெஃப்ட். பொருளைக் கொண்டு போறதுக்கு வச்சிருந்த வார்த்தையை பிறகு ஆளைக் கொண்டு போறதுக்கும் வச்சிக்கிட்டாங்க. பிறகு கொள்ளையை மறந்துட்டாங்க, துக்கம் மட்டும் மிச்சம். நம்மளும் அதைத்தான சொல்லுதோம். அக்காவைப் பறிகொடுத்துட்டு நிக்கான்னுதான் தெருவுல சொல்லியிருப்பாங்க. எங்கயோ குளிர்ல கிடக்க ஊருல உள்ளவனுக்கும் பாளையங்கோட்டைக்காரனுக்கும் ஒரே நினைப்பு வந்திருக்கே. ஆனா பறிச்சது சரி. நான் எங்க குடுத்தேன்? கேட்டா குடுத்திருப்பேனா?

உடனே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்தது, ஏக்கா, இதைக் கேளேன்னு. திரும்பிப் பாத்தேன், நாற்காலி. இதுதான் கஷ்டம். துக்கத்தைச் சொல்லக்கூட அவதான் வேணும். அவட்ட சொல்லியிருந்தா கண்டிப்பா களவு போன கதையை எடுத்திருப்பா. ஒருநாள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா பூட்டு உடைஞ்சு கிடக்கு. மிக்ஸி, வெள்ளிக் குத்துவிளக்கு, அவ வாட்ச், எல்லாம் போச்சு. பீரோ துணியெல்லாம் தரையில. நான் படியில உக்காந்து அழுதேன், இனிமே இந்த வீட்டுல இருக்க மாட்டேன், வேற வீடு பாருன்னு. அக்கா சேலை மடிச்சுக்கிட்டே இருந்தா. பிறகு சொன்னா, களவு கொடுத்த வீட்டை விட்டு நாம ஏன்டி போகணும், போனவன் அவன்லா. சொல்லிட்டு, சவத்துப் பய, வந்ததுதான் வந்தான், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா, காப்பியாவது போட்டுக் குடுத்திருப்பேன்னா. அழுதுகிட்டு இருந்தவ சிரிச்சுட்டேன். மறுநாள் ரெண்டு பூட்டு வாங்கிட்டு வந்தா. அந்த ரெண்டு பூட்டுதான் இன்னும் தொங்குது. களவாணி சொல்லிட்டா போவான்? சொல்லாம போறவனுக்குத்தான் அந்தப் பேரு. அப்ப நீ யாருக்கா? நீயே வந்து நீயே வாரிக் கட்டிக்கிட்டுப் போயிருக்க.

அந்தக் கொள்ளைக்கார வார்த்தைக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. ரோப். அங்கி. ஜட்ஜு போட்டுக்கிடுவார்லா, அது. தோத்தவன் உடம்புல இருந்து உருவிக்கிட்டுப் போன துணிதான் முதல்ல அது. கொள்ளைன்னாலும் துணின்னாலும் அந்தக் காலத்துல ஒரே வார்த்தையாம். இங்க தலைகீழா நடந்திருக்கு. கொண்டு போனவ துணியை விட்டுட்டுப் போயிருக்கா. தம்பி பொண்டாட்டி அக்கா சேலையெல்லாம் ரெண்டு பையில கட்டி வச்சிட்டுப் போயிருக்கா, ஆசிரமத்துக்குக் குடுக்க, அவங்களே வந்து எடுத்துக்கிடுவாங்களாம். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் கிடையாது. நான் பைக்குள்ள கையை விட்டு இந்தக் காப்பிக்கலர் பருத்திச் சேலையை உருவிக்கிட்டேன், களவாணி மாதிரி. இப்ப உடுத்தியிருக்கேன். கொசுவம் தரையில இழுபடுது, அவ என்னைவிட உயரம். கோயம்புத்தூர்ல எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்காங்க, அடுக்களைக்குப் பின்னால, ஜன்னல் உண்டு. டிவி எப்பவும் ஓடும். பெரியத்தை எந்திரிச்சாச்சா, பெரியத்தை குளிச்சாச்சான்னு பிள்ளைங்க கேக்கும். நான் சின்னத்தை. பெரியத்தை அக்காதான். அவ போனதும் அந்தப் பேரை எனக்கு மாத்திட்டாங்க, யாரும் யோசிச்சு மாத்தல, தானா மாறிட்டு. அதுவும் எனக்கு உடுத்துனா தரையில இழுபடுது. ஆனா இங்க இருந்தா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? குக்கர் விசில் அடிச்சா எத்தனைன்னு எண்ண ஆளு வேண்டாமா? எண்ணிக்கிட்டே இருப்பேன், நடுவுல ஏக்கா, இது எத்தனாவதுன்னு கேட்டுருவேன். நேத்தும் கேட்டேன். பதில் வரல, சோறு குழைஞ்சு போச்சு.

"தம்பி கூட்டிட்டுப் போறாராமே. நல்லதுதான் டீச்சர். தனியா எப்படி இருப்பீங்க?" "ஆமா டீச்சர்." "காப்பி எதுவும் போட்டுராதீங்க, நான் குடிச்சுட்டுத்தான் வந்தேன்." போட எங்க பால் இருக்கு. எப்படியும் காலி பண்ணிருவோம்னு தம்பி பொண்டாட்டி பாலையும் நிறுத்திட்டுப் போயிட்டா. கடுங்காப்பிதான் ஓடுது. செண்பகம் வாட்சைப் பாக்கா. சுவத்துல அக்கா படத்தைப் பாக்கா. மாலை காஞ்சிருக்கு, மாத்தணும். பையைத் தோள்ல மாட்டுதா. எந்திரிச்சுட்டா. நானும் எந்திரிச்சு நிக்கேன், இந்த வயசுல ரிசல்ட் பாக்கப் போன பிள்ளை மாதிரி. கிட்ட வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. கை சில்லுனு இருக்கு. வாயைத் திறந்தா. சொல்லு செண்பகம். ஒரு வார்த்தை. உன் ராகுகாலம், எமகண்டம் எல்லாத்தையும் ஒரு நிமிஷம் தள்ளி வச்சிட்டு, தவறிப்போயாவது சொல்லிரு. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். இன்னொரு சாவு வந்தா அது என்னதா இருந்துட்டுப் போகட்டும். அவ கண்ணு கலங்கிட்டு. உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கையை விட்டா. செருப்பு மாட்டுற சத்தம், படி, படி, கேட். ஐப்பசி மேகம் மாதிரி முகத்தை வச்சிக்கிட்டு தெருவுல போறது ஜன்னல்ல தெரியுது. திரும்பிப் பாக்கல. நல்லவ. என் நன்மைக்குத்தான் சொல்லாம போறா. எல்லாரும் என் நன்மைக்குத்தான் போறாங்க.

சரி. முடிஞ்சது. தம்பிக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு இணைப்பில் இருக்கிறார். அக்கா இருந்தா அந்தக் குரலுக்கும் பதில் சொல்லுவா, சரிம்மா, பொறுத்துக் கூப்பிடுதேன்னு. காப்பி குடிச்சாத் தேவலைன்னு இருந்தது, பாலு போட்ட காப்பி. கடைசியா ஒரு காப்பி இந்த வீட்டுல. முக்குக் கடையில பாக்கெட் இருக்கும். எதையும் யோசிக்கல. பர்ஸை எடுத்தேன், சாவியை எடுத்தேன், ஃபேனை அணைச்சேன், செருப்பை மாட்டினேன். அக்கா போனதுக்கப்புறம் இந்த வாசலை நான் தனியாத் தாண்டினதே இல்ல, யாராவது கூட இருப்பாங்க, இல்ல வாங்கிக் குடுத்துருவாங்க. அது அப்ப ஞாபகமே இல்ல. கதவைச் சாத்தும்போது கை பழகின மாதிரி வாயும் பழகினதைச் சொல்லிட்டு. "அக்கா, வாரேன்."

ரெண்டு பூட்டையும் பூட்டி, நாலு படி இறங்கினதுக்கு அப்புறம்தான் காதுல விழுந்தது. யாரு சொன்னா? வாரேன்னு யாரோ சொன்னாங்களே இந்த வீட்டுல. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். உள்ள சத்தம் ஒண்ணும் இல்ல. பதில் வராது, தெரியும். தெரிஞ்சாலும் கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பத்தான் போன் அடிச்சது.

"சின்னக்கா, கூப்பிட்டிருந்தியா? வேற லைன்ல இருந்தேன். என்ன, வண்டிக்குச் சொல்லிரட்டா?"

"வேண்டாம்யா. நான் வரல."

"என்னக்கா திடீர்னு? யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யார்ட்ட?"

"வீட்டுல."

வச்சிட்டானோன்னு நினைச்சேன். "தனியா என்னக்கா செய்வ?" "தெரியலய்யா. பயமாத்தான் இருக்கு. இப்ப பால் வாங்கணும். அந்தச் சேலைப் பையைக் குடுக்க வேண்டாம்னு உன் வீட்டம்மாட்ட சொல்லிரு." "சரிக்கா." பிறகு காலேஜ் படிக்கையில கேட்ட மாதிரியே கேட்டான், "வச்சிரட்டாக்கா?" இத்தனை நாளா அவன்கூட அதைக் கேக்கல. "வைய்யா"ன்னேன். வச்சான்.

அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். களவு போன அன்னைக்கு உக்காந்த அதே படி. அக்கா செத்ததுக்கு அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் அழல, எல்லாரும் கல்லு மாதிரி இருக்கான்னாங்க. இப்ப அழுதேன், அவ சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, கீழ்வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்னு. சிரிக்க வைக்க யாரும் வரல. அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சு நிமிந்து பாத்தா கிழக்கே மேகம் கருகருன்னு கட்டிக்கிட்டு நிக்கு, முதல் தூறல் கையில விழுது.

குடை எடுக்கல. பூட்டைத் திறக்க மேல ஏறினேன்.